கிருமி அடங்கியபின் இருதயக் காவல்



ஒரு நோயைப் பற்றி மக்கள் உள்ளத்தில் ஊன்றிவிட்ட அச்சம் எளிதில் அகலுவதில்லை. காச நோய்க்கு நல்ல மருந்துகள் கிடைத்துப் பல்லாண்டுகள் சென்ற பின்னரும் அதன் பெயரைக் கேட்டு நடுங்கினவர் பலர். எச்.ஐ.வி. கிருமியைப் பற்றிய அச்சமும் அத்தகையதே. அக்கிருமி உடலில் புகுந்துவிட்டதென்றால் எஞ்சியிருப்பவை சில ஆண்டுகளே என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. அக்காலம் மறைந்துவிட்டது. தக்க தருணத்தில் சிகிச்சையைத் தொடங்கி, ஒழுங்காக மருந்து உட்கொண்டு வருவோர் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழ்கின்றனர்.

நெடுநாள் வாழ்வோர்க்கு வயதோடு வரும் பிணிகள் இவர்களையும் விட்டுவைப்பதில்லை. அவற்றுள் தலையாயது இருதய நோய். இவர்களுக்கு அது மிகுதியாக வருவது ஏன்? அதைத் தடுப்பதில் நாம் உண்ணும் உணவுக்கு உள்ள பங்கு யாது? இவ்விரு வினாக்களையும் இங்கு ஆராய்வோம். எடுத்துக்காட்டுக்காகக் கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியையும், அங்குள்ள சமையலறைகளையும் எடுத்துக்கொள்வோம்.

பழைய அறிவுரையும் புதிய நிலைமையும்

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டில், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் பயின்ற டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் அப்பணியைச் செய்தனர். அதன்பின் பல ஆண்டுகள் வரை நோயாளிகள் உடல் இளைத்து, எலும்பும் தோலுமாகி மடிந்தனர். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டு மக்கள் இதற்கு மெலிவு நோய் என்றே பெயரிட்டிருந்தனர். 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று அரசாங்கம் கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. நிலைமை மாறத் தொடங்கியதும் அப்பொழுதுதான்.

உடல் மெலிவே பெரும் பகையாய் இருந்த அந்நாட்களில், "நெய் விட்டுக் கொள்ளுங்கள், முட்டை உண்ணுங்கள், எப்படியாவது எடையைக் கூட்டுங்கள்" என்று கூறியது பொருத்தமே. இதில் வேறொரு காரணமும் கலந்திருந்தது. உடல் பருத்திருந்தால் அயலார் வாய்க்கு இடமில்லை, சிறிது இளைத்தாலோ, "இவருக்கு என்ன நோய்?" என்ற பேச்சு எழும். ஆகவே பருமன் பலருக்கு ஒரு கவசமாக இருந்தது. இன்றும் பல குடும்பங்களில் அந்த எண்ணம் நிலவுகிறது. ஆனால் கிருமி அடங்கி, எடை சீரானபின் அதே உணவைத் தொடருவது, ஆற்றைக் கடந்த பிறகும் படகைத் தலைமேல் சுமந்து செல்வதை ஒக்கும். காச நோய் உள்ளவர்களும், இன்னும் எடை குறைந்தே இருப்பவர்களும் இதற்கு விலக்கு. அவர்களுக்குப் போதிய சத்துணவு இன்றியமையாதது.

கிருமியும் இரத்தக் குழாயும்

உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்தும் இருதயத்திற்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் சிறு குழாய்களின் உட்சுவர் வழவழப்பானது. இரத்தத்தில் தீய கொழுப்பு மிகும்பொழுது அது அச்சுவரினுள் புகுந்து தங்குகிறது. அதை அகற்ற வெள்ளணுக்கள் கூடுகின்றன. நாளடைவில் அவ்விடம் தடித்துப் படிவாகிறது. ஒருநாள் அப்படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுமாயின், அதுவே மாரடைப்பு. புகையிலை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கொழுப்பு மிகுதி ஆகிய நான்கும் இதற்குக் காரணங்கள் என்பது யாவரும் அறிந்ததே.

எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் ஐந்தாவது காரணம் ஒன்று சேருகிறது. மருந்தினால் கிருமி இரத்தத்தில் காணாதபடி அடங்கிவிட்டாலும், சில அணுக்களினுள் மறைந்தே இருக்கிறது. அன்றியும், தொற்று ஏற்பட்ட தொடக்கத்திலேயே அது குடற்சுவரிலுள்ள காவல் அணுக்களைப் பெருவாரியாக அழித்துவிடுகிறது. அதனால் குடலிலுள்ள நுண்ணுயிர்களின் சிதைவுகள் சிறிது சிறிதாக இரத்தத்தில் கசிகின்றன. இவற்றைக் கண்டு உடலின் பாதுகாப்புப் படை ஓயாமல் விழித்திருக்கிறது. நீறு பூத்த நெருப்பைப் போன்ற இந்த அழற்சி, இரத்தக் குழாயின் உட்சுவரை நாள்தோறும் புண்படுத்துகிறது. உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கணக்கின்படி, இவர்களுக்கு இருதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு. அதனுடன், தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு ஏனைய நாட்டவரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக, சராசரியாக 53 வயதிலேயே வருகிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

மருந்தின்மேல் பழி

இதைக் கேட்ட சிலர், "மருந்துகளால்தான் இருதயம் கெடுகிறது, சிறிது காலம் நிறுத்திப் பார்த்தால் என்ன?" என்று கருதக்கூடும். பழைய மருந்துகள் சிலவற்றுக்கு இக்குறை உண்டு என்பது மெய்யே. ஸ்டாவுடின் கன்னத்திலும் கைகால்களிலும் உள்ள கொழுப்பைக் கரைத்தது. புரோட்டியேஸ் தடுப்பான்கள் சில இரத்தக் கொழுப்பை உயர்த்தின. ஆனால் மருந்தை நிறுத்துவதால் என்ன நேரும் என்பதையும் ஆராய்ந்து பார்த்துவிட்டனர். 33 நாடுகளில் 5,472 பேரைக் கொண்டு நடத்திய ஸ்மார்ட் என்னும் ஆய்வில், ஒரு சாரார் இடையறாது மருந்து உட்கொண்டனர். மறு சாரார் எதிர்ப்பு அணுக்கள் போதிய அளவு இருந்தபொழுதெல்லாம் மருந்தை நிறுத்தி வைத்தனர். 2006இல் முடிவு வெளியாயிற்று. நிறுத்தியவர்களிடையே மரணமும் மிகுந்தது. இருதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் நோய்களும் மிகுந்தன. கிருமி தலையெடுக்கும்பொழுது அழற்சியும் கிளர்ந்தெழுவதே இதற்கு விளக்கம். ஆகவே இருதயத்தைக் காக்கும் முதல் மருந்து கிருமியை அடக்கும் மருந்தேயாகும்.

இன்று நம் நாட்டில் பெரும்பாலோர்க்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் என்னும் மூன்றும் கலந்த ஒரே மாத்திரை தரப்படுகிறது. இது இரத்தக் கொழுப்பை அவ்வளவாக உயர்த்துவதில்லை. எனினும் இதனை உண்போர் சிலருக்கு எடை கூடுகிறது. இவ்விடத்தில்தான் சமையலறை நம் கவனத்திற்கு வருகிறது.

மட்டாஞ்சேரியின் உணவு

மிளகும் இஞ்சியும் தேங்காய் எண்ணெயும் விலை பேசப்பட்ட பழைய வணிகத்துறை மட்டாஞ்சேரி. மலையாளிகள், கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், தமிழர் எனப் பல மொழியினர் அதன் குறுகிய தெருக்களில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். அண்டையிலுள்ள கொச்சிக் கோட்டைப் பகுதியின் வண்ணான் துறையில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் துணி வெளுத்து வருகின்றன. இத்தனை வகை மக்களுக்கும் பொதுவானவை சோறும் மீனும் தேங்காயும் எனலாம்.

முதலில் எண்ணெயைப் பார்ப்போம். தேங்காய் எண்ணெயில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இது மிகக் குறைவு. பல பரிசோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வு, தேங்காய் எண்ணெய் தீய கொழுப்பை உயர்த்துகிறது என்று காட்டிற்று. கொச்சி மக்கள் இதற்கு விடையாக, தம் ஊரிலேயே நடந்த ஆய்வைச் சுட்டுவர். அமிர்தா மருத்துவமனையில் இருதய நோயாளிகள் 200 பேரிடம், தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் இரண்டாண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தனர். வேறுபாடு தென்படவில்லை என்று 2016இல் வெளியிட்டனர். அது உண்மையே, ஆனால் அந்நோயாளிகள் இருதய நோய்க்குரிய வழக்கமான மருந்துகளையும் உட்கொண்டு வந்தவர்கள். மருந்தின் துணையின்றி அதே எண்ணெயைத் தாராளமாக ஊற்றலாம் என்பதற்கு அவ்வாய்வு சான்றாகாது. தேங்காய் எண்ணெயை அறவே விலக்கவும் வேண்டியதில்லை. தாளிப்பதற்கும் அவியலின் மணத்திற்கும் ஒரு கரண்டி போதும்; பிற சமையலுக்கு வேறு எண்ணெயைக் கொள்ளலாம். எவ்வெண்ணெயாயினும் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பது வைத்தியர் பலர் கூறும் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் இரண்டு லிட்டருக்குமேல் செலவாகுமாயின் கை தாராளம் என்று பொருள்.

அடுத்தது மீன். கேரளத்தார் சாளை என்றும் தமிழர் மத்தி என்றும் கூறும் சிறு மீனும், அயிலையும், நெத்திலியும் இருதயத்திற்கு இதமான ஒமேகா கொழுப்பு நிறைந்தவை. விலையுயர்ந்த பெரிய மீன்களுக்கு இவை எவ்வகையிலும் தாழ்ந்தவையல்ல. குடம்புளியிட்டுக் குழம்பாக்கினால் அப்பயன் முழுதும் கிட்டும். எண்ணெயில் மூழ்கப் பொரித்தாலோ நன்மையோடு தீமையும் சேரும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவை உப்பின் களஞ்சியங்கள். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு தேக்கரண்டி அளவுதான்.

சோற்றை முற்றிலும் விடுதல் இயலாது; விட வேண்டியதும் இல்லை. தட்டில் பாதியைத் தோரன், கீரை, கூட்டு முதலிய காய்கறிகளுக்கு ஒதுக்கினால் சோறு தானே கால் பங்காகும். மீதிக் கால் பங்கு மீனுக்கோ பருப்புக்கோ உரியது. புட்டுக்குக் கொண்டைக்கடலையும், கஞ்சிக்குப் பச்சைப் பயறும் நம் முன்னோர் சேர்த்த துணைகள். அவை நார்ப்பொருளும் புரதமும் மிக்கவை. மைதாப் பரோட்டா, நேந்திரங்காய் வறுவல், குஜராத்தி கடைகளின் சேவு, வனஸ்பதி கலந்த பிரியாணி, சர்க்கரை மிகுந்த தேநீர் ஆகியவை விழா நாட்களுக்கு உரியன, அன்றாடத்திற்கு உரியனவல்ல.

உணவோடு சேர்ந்த சில எச்சரிக்கைகள் உண்டு. அமிலத்தை அடக்கும் மருந்துகளும், சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளும் டோலுடெகிராவிர் உடலில் சேர்வதைக் குறைக்கும். ஆதலால் இவற்றை உண்பதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, உண்டபின் ஆறு மணி நேரம் கழித்தோ அம்மாத்திரையை உட்கொள்வது நலம். பச்சிலை மருந்துகளோ லேகியங்களோ உண்பவர்கள் அதையும் வைத்தியரிடம் மறையாது கூற வேண்டும்.

உணவுக்கு மேல் ஒரு துணை

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தைப் பற்றி அண்மையில் ஒரு நற்செய்தி கிடைத்திருக்கிறது. ரிப்ரீவ் என்னும் ஆய்வில், இந்தியா உட்பட 12 நாடுகளிலிருந்து, 40 முதல் 75 வயது வரையுள்ள எச்.ஐ.வி. நோயாளிகள் 7,769 பேர் பங்கு கொண்டனர். இருதய நோய் அபாயம் மிகுதியாக இல்லாதவர்களே இவர்கள். பாதிப்பேர் பிட்டவாஸ்டாட்டின் உண்டனர். மற்றவர்களுக்கு மருந்தற்ற வெறும் மாத்திரை அளிக்கப்பட்டது. மருந்து உண்டவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருந்துன்பங்கள் நூற்றுக்கு 35 பங்கு குறைந்தன என்று 2023இல் அறிவித்தனர். நாற்பதைக் கடந்தவர்கள் தம் வைத்தியரிடம் இதைப் பற்றிக் கேட்பது தக்கது. ஆனால் தாமே கடையில் வாங்கி உண்ணலாகாது. ரிட்டோனாவிர் சேர்ந்த மருந்தை உட்கொள்வோர்க்குச் சிம்வாஸ்டாட்டின் போன்ற சில வகைகள் பெருந்தீங்கு விளைவிக்கும்.

எர்ணாகுளம் பொது மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையம் போன்ற இடங்களுக்கு மருந்து பெறச் செல்வோர், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எடை, இடுப்பளவு ஆகியவற்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும். பீடி, சிகரெட்டை விடுவது எந்த உணவு மாற்றத்திற்கும் குறைந்ததன்று. நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடப்பதும் அவ்வாறே.

தனி உலை வேண்டாம்

இனி, பலருடைய உள்ளத்தில் உறுத்தும் ஓர் ஐயம் உண்டு. தம் நிலையை வீட்டாரில் சிலருக்குக்கூடச் சொல்லாதவர்கள் பலர். "எனக்கு மட்டும் வேறு சமையல் என்றால் காரணம் கேட்பார்களே" என்று அவர்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்திற்கு இடமில்லை. மேலே கூறிய உணவு இந்நோயாளிக்கென்று தனியே வகுத்ததன்று. சர்க்கரை நோயுள்ள தந்தைக்கும், இரத்தக் கொதிப்புள்ள தாய்க்கும், வளரும் பிள்ளைகளுக்கும் ஏற்றது அதுவே. எண்ணெயைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டினால் குடும்பம் முழுவதும் நலம் பெறும்; எவருடைய இரகசியமும் வெளிப்படாது. அவ்வாறே, நிலையை அறிந்த வீட்டாரும் தனித் தட்டும் தனிக் குவளையும் வைக்க வேண்டியதில்லை. சேர்ந்து உண்பதால் இக்கிருமி பரவாது.

இருதய வைத்தியரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுதல் நன்று. மருந்துக்கு மருந்து பகையாவதைத் தவிர்க்க அது அவசியம். நோயாளியின் இசைவின்றி அவருடைய நிலையைப் பிறர்க்கு வெளியிடுவதையும், அதன் காரணமாகச் சிகிச்சை மறுப்பதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது. அச்சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

சுருங்கக் கூறின், கிருமியை அடக்கும் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தலாகாது. மெலிவுக்கு அஞ்சிய காலத்து உணவைத் தேறிய உடலுக்கும் தொடரலாகாது. எண்ணெயும் உப்பும் குறைந்து, சிறு மீனும் பயறும் காயும் மிகுந்த உணவு, ஒரே உலையில் வெந்து, ஒரே பந்தியில் பரிமாறப்படுமாயின், இருதயத்திற்கு அதைவிட எளிய காவல் வேறில்லை.