முதுகுவலி என்று ஒதுக்க வேண்டாம்: பிராஸ்டேட் புற்றுநோய் பரவலைக் காட்டும் கதிரியக்க ஸ்கேன்

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, வெகுதொலைவு நட்சத்திரங்களின் மங்கிய ஒளியைத் திரட்டிப் படமாக்குகிறது. இருட்டில் ஒரு சிறு புள்ளியைக் கண்டுபிடிக்கும் இதே வேலையை, மனித உடலுக்குள் செய்யும் ஒரு பரிசோதனையும் உண்டு. மலையடிவாரத்து ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்கள் வைத்தியத்துக்குப் போகும் வேலூர் சி.எம்.சி.யிலும் அது செய்யப்படுகிறது.

பிராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள சுரப்பி. அதில் வரும் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் நிணநீர்க் கட்டிகளுக்கும், முதுகெலும்பு, இடுப்பெலும்புகளுக்கும் போகிறது. சிகிச்சைக்குப் பிறகு ரத்தத்தில் பிஎஸ்ஏ அளவு ஏறினால், நோய் திரும்பியிருக்கலாம் என்று தெரியும். எங்கே என்று அது சொல்லாது. சிடி ஸ்கேனில் சிறிய பரவல்கள் தப்பிவிடும். எலும்பு ஸ்கேனிலோ மூட்டுத் தேய்மானமும் பழைய முறிவும்கூடப் புள்ளியாகத் தெரியும்.

இங்கேதான் ஆன்டிபாடி வருகிறது. பூட்டுக்குச் சாவி போல, குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புப் பொருள் அது. பிராஸ்டேட் புற்றுச் செல்களில் பிஎஸ்எம்ஏ என்ற புரதம் மிகுதியாக இருக்கும். அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் இண்டியம்-111 என்ற கதிரியக்கப் பொருளை இணைத்த ‘ப்ராஸ்டாசின்ட்’ மருந்தை 1996-ல் அமெரிக்கா அனுமதித்தது. ஊசி போட்டு நான்கைந்து நாள் கழித்துக் கேமராவில் படம் எடுத்தார்கள்.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. அந்த ஆன்டிபாடி பிடித்தது, புரதத்தின் செல்லுக்கு உள்ளே இருக்கும் பகுதியை. உயிருள்ள செல்லுக்குள் அதனால் எளிதில் நுழைய முடியவில்லை. சிதையும் செல்களையே பெரும்பாலும் காட்டியது. எலும்பில் பரவிய நோய் பல நேரம் தப்பிப்போனது.

இந்தக் குறையிலிருந்து பிறந்ததுதான் இன்றைய பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன். இதில் ஆன்டிபாடிக்குப் பதிலாக, புரதத்தின் வெளிப்பகுதியைப் பிடிக்கும் சிறிய மூலக்கூறு பயன்படுகிறது. அதோடு சேரும் கேலியம்-68, 68 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். ஊசி போட்ட சுமார் ஒரு மணி நேரத்தில் படம் எடுக்கலாம். ஆஸ்திரேலியாவில் 302 ஆண்களிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், இதன் துல்லியம் 92 சதவீதம். சிடி, எலும்பு ஸ்கேன் இரண்டும் சேர்ந்து 65 சதவீதம். இதே வழியில் லூட்டீசியம்-177 என்ற பொருளை அனுப்பிச் சிகிச்சையும் தருகிறார்கள்.

இது எல்லோருக்கும் எடுக்கும் ஸ்கேன் அல்ல. பிஎஸ்ஏ, பயாப்சி முடிவுகளைப் பார்த்து மருத்துவரே சொல்வார். சில புற்றுகளில் பிஎஸ்எம்ஏ குறைவாக இருப்பதால் அவை தெரியாமலும் போகலாம். ஸ்கேன் முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழிக்க வேண்டும். சில மணி நேரம் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல் இருப்பது நல்லது.

நம் வீட்டு அத்தா இரவில் பலமுறை எழுவதையும், முதுகுவலியால் நாற்காலியில் அமர்ந்து தொழுவதையும் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது வயதுதான். ஆனாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவோம். பிள்ளைகளிடம் சொல்ல அவர் கூச்சப்படுவார். நோயை மறைக்கும் கூச்சத்தை மார்க்கம் நம்மிடம் கேட்கவில்லை. அவர் சொல்லும்வரை காத்திராமல், மகன்களே முந்திக்கொண்டு கேட்க வேண்டும்.