உங்களுக்குத் தெரியுமா? தனியே விமானம் ஏறும் சிறுநீரகம்!

மனைவிக்குச் சிறுநீரகம் தரக் கணவர் தயார். ரத்த வகைதான் சேரவில்லை. இன்னொரு ஊரில் இன்னொரு தம்பதிக்கும் இதே சிக்கல். உடனே, இவருடையது அந்த அம்மாவுக்கு, அவருடையது இந்த அம்மாவுக்கு! பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மாதிரி, சிறுநீரகம் கொடுத்துச் சிறுநீரகம் எடுக்கிறார்கள்!

இந்த யோசனையை 1986-ல் எழுதி வைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஃபெலிக்ஸ் ராபபோர்ட். முதலில் செய்து காட்டிய நாடு? அமெரிக்கா இல்லை. தென் கொரியா! ஆண்டு 1991!

முதலில் போட்ட திட்டப்படி, கொடுப்பவர்தான் பெட்டி கட்டிக்கொண்டு நோயாளியின் ஊருக்குப் போக வேண்டும். பழக்கமில்லாத ஊர், முன்பின் தெரியாத டாக்டர், பக்கத்தில் சொந்தபந்தம் கிடையாது. இப்போது? கொடுப்பவர் தன் ஊர் மருத்துவமனையிலேயே படுத்திருப்பார். சிறுநீரகம் மட்டும் பயணம் போகும்!

2007. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒருவரிடமிருந்து எடுத்த சிறுநீரகம், நாட்டின் மறு கோடியான பால்டிமோரில் வேறொருவருக்குப் பொருத்தப்பட்டது. மறுபடி அதில் ரத்தம் பாய 8 மணி நேரம்தான் ஆனது! வாங்கிக்கொண்டவரின் உடல் லேசுப்பட்டதல்ல. நூற்றுக்கு 96 பேரின் சிறுநீரகத்தை வேண்டாம் என்று தள்ளிவிடக்கூடியது. ஓராண்டு கழித்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அவருடைய கிரியேட்டினின் அளவு? 1.1! ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டயாலிசிஸ் வார்டு வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், அந்த எண்ணின் அருமை!

சிறுநீரகம் பயணம் போகும் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்போமா? எடுத்த கையோடு சிறுநீரகத்துக்குள் ஜில்லென்ற பாதுகாப்புத் திரவத்தைச் செலுத்தி, ரத்தம் முழுவதையும் கழுவி வெளியேற்றுகிறார்கள். செக்கச்செவேல் என்று இருந்தது வெளிறிப்போகும். பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. சுற்றிலும் ஐஸ். ஆனால் உறைந்துவிடவே கூடாது! உறைந்தால் திசு பாழ். எடை? சுமார் 150 கிராம்தான்!

அந்தப் பெட்டிக்கு ஜிபிஎஸ் கருவியும் உண்டு. எந்த ஊரைத் தாண்டுகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்!

இதற்கென்று தனி விமானம் என்றா நினைத்தீர்கள்? அமெரிக்காவில் பல சிறுநீரகங்கள் போவது சாதாரணப் பயணிகள் விமானத்தில்! நீங்கள் ஜன்னலோர சீட்டில் ஜூஸ் குடித்துக்கொண்டிருக்கும்போது, அதே விமானத்தில் ஒருவருடைய மறுவாழ்வு வந்துகொண்டிருக்கலாம்!

இப்போது வருகிறது என் செல்லத் தகவல்! கலிஃபோர்னியாவில் ஒருவர். அவர் போகும் யோகா வகுப்பில் வரவேற்பில் இருந்த பெண், தோழிக்குச் சிறுநீரகம் கொடுத்த செய்தியைச் சொல்ல, ‘நானும் கொடுக்கிறேன்’ என்று கிளம்பிவிட்டார். யாருக்கு? யாருக்கு வேண்டுமானாலும்! 2011 ஆகஸ்டில் அவருடைய சிறுநீரகம் லாஸ் ஏஞ்சலிஸில் ராத்திரி விமானம் ஏறி நியூவார்க்கில் இறங்கி, 66 வயதுக்காரர் ஒருவருக்குப் போனது. அவருடைய உறவுக்காரப் பெண், ஒரு நர்ஸ், பதிலுக்குத் தன்னுடையதை விஸ்கான்சினில் ஓர் இளம்பெண்ணுக்குக் கொடுத்தார். அந்த இளம்பெண்ணுக்காகப் பதிலுக்குக் கொடுத்தது யார்? சண்டை போட்டுப் பிரிந்துபோன முன்னாள் காதலர்! இப்படியே போய்க்கொண்டே இருந்தது சங்கிலி. 4 மாதம். 11 மாநிலங்கள். 17 மருத்துவமனைகள். கைமாறிய சிறுநீரகங்கள் 30!

இரண்டு ஜோடி நேருக்கு நேர் மாற்றிக்கொண்டால் ஒரே சமயத்தில் 4 அறுவை சிகிச்சைகள்! ஏன்? வாங்கிக்கொண்ட பிறகு எதிர்த்தரப்பு ‘மாட்டேன்’ என்றால்? எந்தச் சட்டத்தாலும் கட்டாயப்படுத்தி எடுக்க முடியாதே!

இதில் காசு கைமாறவே கூடாது. ஆனால் யாருக்கு யார் பொருந்துவார் என்று கணக்கு வகுத்துக் கொடுத்தவர் ஒரு பொருளாதார அறிஞர்! ஆல்வின் ராத். 2012-ல் நோபல் பரிசு!

2014. லாஸ் ஏஞ்சலிஸ். பேரனுக்கு 4 வயது, என்றைக்காவது சிறுநீரகம் தேவைப்படும். தாத்தாவுக்கோ 64. அந்த நாள் வரும்போது தன்னுடையது உதவாது என்று, அப்போதே முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். பதிலுக்குப் பேரன் பெயருக்கு ஒரு வவுச்சர்! தேவைப்படும்போது அவனுக்கு முன்னுரிமை!

எல்லையா? அதையும் தாண்டியாயிற்று. 2016-ல் பிராகுக்கும் வியன்னாவுக்கும் இடையே பரிமாற்றம். 2021 ஜூலையில் இஸ்ரேலுக்கும் அபுதாபிக்கும் இடையே மும்முனைப் பரிமாற்றம்! அந்த இரு நாடுகளும் உறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முழுசாக ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை!

பழைய சிறுநீரகங்களை என்ன செய்வார்கள்? பெரும்பாலும் எடுப்பதே இல்லை! புதியதை அடிவயிற்றில் ஓர் ஓரமாக வைத்துத் தைத்துவிடுகிறார்கள். ஆக, ஒரே உடம்பில் மூன்று!

ரத்தக்குழாயை இணைத்து கிளிப்பை எடுத்ததும், வெளிறிக் கிடந்தது கண்முன்னே ரோஜா நிறமாகிறது. பல நேரங்களில், வயிற்றைத் தைத்து முடிப்பதற்குள்ளேயே சிறுநீர் சுரக்க ஆரம்பித்துவிடும்!

இவ்வளவு தூரம் ஐஸில் பயணம் செய்தால் கெட்டுவிடாதா? 2007 ஏப்ரல் முதல் 2010 ஏப்ரல் வரை அமெரிக்காவில் இப்படிப் பயணம் போன 56 சிறுநீரகங்களை ஆராய்ந்தார்கள். ஐஸில் அதிகபட்சமாக ஒன்று இருந்தது பதினாலரை மணி நேரம். பொருத்திய முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? பூஜ்யம்!