படகும் பாதுகாப்பும்

பழனி மலைத்தொடரின்மேல், கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், விண்மீன் வடிவாய் விளங்குவது கோடைக்கானல் ஏரி. மதுரை மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய லெவிஞ்சு என்பாரின் முயற்சியால் 1863-ஆம் ஆண்டில் அஃது அமைக்கப்பெற்றது. சோலை சூழ்ந்த அந்நீர்ப்பரப்பில் துடுப்பு வலித்துச் செல்லுதல் உள்ளத்திற்கு உவகை தருவதாகும். ஆயினும், அமைதியாகத் தோன்றும் நீரை ஆபத்தற்ற நீர் என்று கொள்ளுதல் தவறு. ஆதலின், ஏரியில் படகேறும் முன்னர் நாம் அறிய வேண்டுவன சில உள.

படகு கவிழ்வது ஏன்? ஒரு பொருளின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளப்படும் புள்ளியை ஈர்ப்பு மையம் என்பர். அது தாழ்ந்திருப்பின் படகு நிலைபெறும், உயர்ந்தால் தள்ளாடும். அமர்ந்திருப்பவர் எழுந்து நின்றால் அம்மையம் உயர்கிறது. அனைவரும் ஒருபுறம் சென்றால் அஃது அப்பக்கம் விலகுகிறது. கேரள மாநிலத்துத் தேக்கடி ஏரியில் 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். விலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒருபுறமாகத் திரண்டமை, அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. பெரிய படகுக்கே இந்நிலை எனின், ஓரிருவர் மட்டும் ஏறும் கயாக் முதலிய சிறு படகுகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? அவற்றில் எழுந்து நிற்றலும், இடம் மாறி அமர்தலும், விளையாட்டாக ஆட்டுதலும் கூடா.

மனித உடலின் எடை, அதே பருமனுள்ள நீரின் எடையை ஏறக்குறைய ஒத்தது. நுரையீரலில் காற்று நிறைந்துள்ளபோது உடல் மிதக்கும். காற்று வெளியேறின் அமிழத் தொடங்கும். இச்சிறு குறையை ஈடுசெய்வதே உயிர்காப்பு அங்கி. அதனுள் வைக்கப்பட்டுள்ள இலேசான நுரைப்பொருள் தலையை நீருக்குமேல் தாங்குகிறது. அங்கியைப் படகில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது அணியலாம் எனக் கருதுவார் உளர். நீரில் தத்தளிப்பவர் அதனைத் தேடி அணிதல் மிக அரிது. வெள்ளம் வருமுன் அணை கோலுவதுபோல, கரையிலேயே அதனை அணிந்து, வார்களை இறுகப் பூட்டுதல் வேண்டும்.

‘எனக்குத்தான் நீந்தத் தெரியுமே!’ என்று சிலர் செருக்குவர். மலையேரியின் நீர் குளிர்ந்தது. அதில் திடீரென விழுபவர் தம்மை அறியாமலே மூச்சை வெடுக்கென உள்ளிழுப்பர். அப்போது தலை நீருக்குள் இருப்பின், நீர் நுரையீரலுட் புகும். நீச்சல் வல்லாரும் இதற்கு விலக்கல்லர். ஆதலின், விழுந்தவர் உடனே நீந்த முற்படாமல், மூச்சு அடங்கும்வரை மிதத்தல் வேண்டும். பின்னர்க் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொள்ள வேண்டும். சிறு படகுகள் பெரும்பாலும் கவிழ்ந்த பின்னும் மிதக்கும். தேடி வருவோர் கண்ணுக்கும் எளிதிற் புலப்படும். கரையோ, தோன்றும் அளவினும் தொலைவிலிருக்கும்.

நண்பன் நீரில் விழக் கண்டால் தாமும் குதித்தல் தகாது. மூழ்குபவன் அச்சத்தால் தன்னைக் காக்க வந்தவரையும் இறுகப் பற்றி அமிழ்த்திவிடுவான். கயிறு எறிதலும், துடுப்பையோ நீண்ட துணியையோ நீட்டுதலும், உரத்துக் கூவிப் பிறரை அழைத்தலுமே செய்யத்தக்கவை. இடியோசை கேட்டவுடன் கரை சேர்தல் வேண்டும். செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையிலுள்ளார்க்குச் சொல்லிச் செல்லுதல் நலம்.

மாணவர்களே! அங்கி அணிவதைக் கண்டு தோழர் நகைப்பரே என்று நாணாதீர்கள். அதை அணிய இரண்டு நிமிடம் போதும். அச்சிறு பொழுதைப் பொறுமையுடன் செலவிடுபவரே ஏரியின் இன்பத்தை முழுதும் துய்த்து, இல்லம் மீள்வர்.