காற்றின் வேகமும் நமது கடமையும்



மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், தொண்டாமுத்தூரில் வாழும் நமக்குப் புயல் என்பது பெரும்பாலும் செய்திதான். "எத்தனை கிலோமீட்டர் வேகம்?" என்று ஆவலுடன் கேட்கின்றோம். அந்த எண்ணின் பொருளை நாம் அறிய வேண்டும்.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். புயலின் கண் கடக்கும்போது காற்று ஓயும். முடிந்துவிட்டதென வெளியே வருவோரை, எதிர்த்திசையிலிருந்து மீண்டும் தாக்கும். காற்றைவிடக் கொடியது அது தள்ளிவரும் கடல்நீர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அவ்வாறே அழிந்தது. பயணிகள் ரயிலொன்றும் அலைகளுக்கு இரையானது. ஆகவே, எச்சரிக்கை கேட்டு இடம்பெயர்வது தவக்குலுக்கு முரணானதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனைச் சார்ந்திருக்குமாறே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன. கூரையைச் சில வாரங்களில் வேய்ந்துவிடலாம். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். தென்னையும் பாக்கும் வளர்க்கும் ஊர் நம்முடையது. அந்த இழப்பின் கனம் நமக்கு விளங்காதா?

காற்று ஓய்ந்ததும் செய்தி ஓய்கிறது. செய்தியோடு உதவியும் ஓய்கிறது. முதல் வாரத்தில் அரிசியும் போர்வையும் அனுப்பியதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. நட்ட கன்று பாளை விடும்வரை, அந்தக் குடும்பத்தின் அடுப்பையும் பிள்ளைகளின் படிப்பையும் நினைவில் வைப்போமாக! வல்ல அல்லாஹ் அதற்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.