பத்துப் பிரதி, ஒரு சாட்சி

ஐயம் ஒன்று தோன்றினால் அகராதியைப் புரட்டியும், அறிந்த பெரியாரை அணுகியும், வாசிகசாலைக்குச் சென்றும் விடை தேடிய காலம் மாறிவிட்டது. ஒப்படை எழுதவேண்டிய மாணவனும், குழந்தையின் காய்ச்சலுக்குக் காரணம் அறிய விரும்பும் தாயும், வெங்காயப் பயிர் அழுகுவதைக் கண்டு கலங்கும் கமக்காரரும் இன்று முதலில் நாடுவது இணையத் தேடுபொறியையே. இரண்டு சொற்களைத் தட்டியதும் இமைப்பொழுதில் விடைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. அக்கணத்திலேயே பொறி உலகமெங்கும் ஓடித் தேடி வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. பொறி முன்னரே உலாவிக் கண்டவற்றைக் குறித்து அடுக்கி வைத்திருக்கின்றது. நாம் கேட்கும்போது அது புரட்டிப் பார்ப்பது தன் சொந்தக் குறிப்பேட்டையே.

அக்குறிப்பேடு எவ்வாறு ஆக்கப்படுகின்றது? ஒரே செய்தி பல இடங்களிற் பிரதி செய்யப்பட்டிருந்தால் அவற்றுள் எதனை அது நமக்குக் காட்டுகின்றது? இவ்விரு வினாக்களுக்கும் விடை அறிவது பொறியியலாளர்க்கு மாத்திரம் உரிய காரியம் அன்று. இதனை அறியாதவர், ஒரே வாயிலிருந்து வந்த சொல்லைப் பத்து இடங்களிற் கண்டு, பத்துப் பேர் சாட்சி சொன்னதாக மயங்குவர்.

சிலந்தியின் உலா

இணையப் பக்கங்கள் இணைப்புகளால் ஒன்றோடொன்று பின்னப்பட்டவை. அவ்வலையில் உலாவும் நிரலைச் சிலந்தி என்று அழைப்பர். அது எங்கும் நடந்து செல்வதில்லை. தானிருக்கும் கணினியிலிருந்தே ஒவ்வொரு முகவரிக்கும், "இப்பக்கத்தை அனுப்புக" என்று வேண்டுகோள் விடுக்கின்றது. வந்த பக்கத்தைப் படித்து, அதிலுள்ள இணைப்புகளைத் திரட்டி, இனிச் செல்லவேண்டிய இடங்களின் வரிசையிற் சேர்க்கின்றது. பின்னர் அவ்வரிசையில் அடுத்த முகவரியை நாடுகின்றது. அடிக்கடி மாறும் செய்திப் பக்கங்களுக்கு விரைவிலும், மாறாப் பக்கங்களுக்கு நெடுநாள் கழித்தும் மீண்டும் வருகின்றது. எந்தப் பக்கமும் சுட்டாத, எவரும் அறிவிக்காத பக்கம் அதன் கண்ணிற் படுவது அரிது.

இத்துறையின் வரலாறு நீண்டதன்று. பார்படோஸ் தீவிற் பிறந்த அலன் எம்டேஜ், கனடாவின் மெக்கில் பல்கலைக் கழகத்தில் மாணவராயிருந்தபோது 1990இல் 'ஆர்ச்சி' என்னும் பொறியை ஆக்கினார். அது பொதுக் கோப்புக் களஞ்சியங்களில் உள்ள கோப்புகளின் பெயர்களை மாத்திரம் திரட்டியது. 1993இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மத்தியூ கிரே என்பவர், இணையத்தின் வளர்ச்சியை அளப்பதற்காகச் சிலந்தி ஒன்றை உலாவவிட்டார். 1994இல் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தின் பிரையன் பிங்கர்டன் உருவாக்கிய 'வெப்கிரோலர்', பக்கங்களின் தலைப்பை மாத்திரமன்றி உள்ளே உள்ள சொற்கள் அனைத்தையும் தேட வழிசெய்தது.

அழையா விருந்தாளிக்கும் ஒழுக்கம் வேண்டுமன்றோ? 1994இல் மார்ட்டின் கோஸ்டர் என்பவர் அதற்கோர் ஏற்பாட்டை முன்வைத்தார். தளத்தின் உரிமையாளர், 'ரோபோட்ஸ்' என்னும் பெயருடைய சிறு கோப்பொன்றில், இன்ன பகுதிக்கு வரவேண்டா என்று எழுதி வைக்கலாம். 2022இல் இவ்வேற்பாடு இணைய நெறிமுறை ஆவணமாக வெளியிடப்பெற்றது. ஆயினும் அது படலையில் தொங்கும் அறிவித்தலே, பூட்டு அன்று. ஒழுக்கமுள்ள சிலந்தி அதற்குப் பணியும். ஒழுக்கமற்றது உள்ளே நுழையும். மறைக்கவேண்டியதை அறிவித்தலை நம்பித் திறந்து வைத்தல் தகாது.

சொல்லுக்குச் சொல் ஓர் அட்டவணை

திரட்டிய பக்கங்களை முதலிலிருந்து இறுதிவரை படித்துத்தான் விடை கூறவேண்டுமாயின், ஒரு வினாவுக்கே நாட்கள் பல செல்லும். ஆகவே பொறி ஒழுங்கைத் தலைகீழாக்குகின்றது. இந்தப் பக்கத்தில் இன்ன சொற்கள் உள்ளன என்பதற்குப் பதிலாக, இந்தச் சொல் இன்ன இன்ன பக்கங்களில், இன்ன இடங்களில் உள்ளது என்று எழுதி வைக்கின்றது. நூல்களின் இறுதியிற் காணும் சொல்லடைவும் இதுவே. 13ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் நகரில், செயின்ட் செர் ஊரின் ஹியூ என்னும் துறவியின் தலைமையில் தொமினிக்கன் சபையினர், இலத்தீன் விவிலியத்துக்கு இத்தகைய சொல்லடைவைக் கையாலேயே தொகுத்தனர். "வெங்காயம்", "அழுகல்" என்று நாம் தட்டினால், பொறி அவ்விரு சொற்களின் பட்டியல்களையும் எடுத்து, இரண்டிலும் காணும் பக்க எண்களைப் பொறுக்குகின்றது.

பொறுக்கியவற்றுள் எதனை முன்வைப்பது? 1998இல் ஸ்டான்போர்ட் பல்கலைக் கழக மாணவர்களான செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் தம் கூகிள் பொறியைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஒரு பக்கத்தைச் சுட்டும் இணைப்புகளை வாக்குகள் போலக் கொண்டனர். மதிப்புள்ள பக்கம் அளிக்கும் வாக்குக்கு மதிப்பு அதிகம். அன்று அவர்களுடைய பொறி கையாண்டவை 2 கோடியே 40 இலட்சம் பக்கங்கள். இன்று வேறு பல அடையாளங்களும் சேர்ந்தே வரிசையை முடிவு செய்கின்றன.

பொறி பார்ப்பது எழுத்தின் வடிவத்தை அன்று, அதன் உள்ளே உள்ள குறியெண்ணை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய பக்கம் கண்ணுக்குத் தமிழாகவே தோன்றும். உள்ளே இருப்பனவோ ஆங்கில எழுத்துகளின் குறியெண்கள். சிலந்திக்கு அது பொருளற்ற எழுத்துக் குவியல். யூனிகோட் முறை வந்த பின்னரும் 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பு ஒன்றும் கால் ஒன்றுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோட் விதிக்கின்றது. அவ்விதியைக் கைக்கொள்ளாத நிரலுக்கோ ஒரே சொல் இரு சொல்லாகும்.

பிரதிகளின் பெருக்கம்

இணையத்தில் ஒரே உரை பல வேடங்களில் உலாவுகின்றது. ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள் அமைவதுண்டு. அச்சிடுவதற்கென வேறொரு பக்கம் இருக்கும். செய்தி நிறுவனம் அனுப்பிய செய்தியைப் பல பத்திரிகைகள் முறைப்படி வெளியிடும். பிறர் எழுதியதைத் தம்முடையதுபோல் இட்டுக்கொள்வோரும் உளர்.

1997இல் ஆந்திரே புரோடரும் அவர்தம் துணைவரும், அல்டாவிஸ்டா என்னும் தேடுபொறி திரட்டிய 3 கோடிப் பக்கங்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 1 கோடியே 23 இலட்சம் பக்கங்கள், ஒன்றையொன்று ஒத்த கூட்டங்களாகத் திரண்டன. ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேற்பட்ட பக்கங்களுக்கு உடன்பிறப்போ இரட்டையோ இருந்தன என்க.

முற்றிலும் ஒத்த பிரதியைக் கண்டறிதல் எளிது. உரை முழுவதையும் கணக்கிட்டு ஒரு சிறு எண்ணாக்கினால், ஒரே உரைக்கு ஒரே எண் வரும். ஆனால் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் முற்றாக மாறிவிடும். சிறிதே மாற்றிய பிரதியை எவ்வாறு பிடிப்பது? புரோடர் கண்ட வழி, கூரைக்குக் கிடுகு வேய்வதை ஒத்தது. கிடுகுகள் ஒன்றன்மேலொன்று படியுமாறு அமைவதுபோல, உரையைச் சொற்கூட்டங்களாக அடுக்கவேண்டும்.

"மழை பெய்தால் குளம் நிரம்பும் வயல் விளையும்" என்னும் வாக்கியத்தைக் கொள்வோம். மும்மூன்று சொல்லாக எடுத்தால், 'மழை பெய்தால் குளம்', 'பெய்தால் குளம் நிரம்பும்', 'குளம் நிரம்பும் வயல்', 'நிரம்பும் வயல் விளையும்' என 4 கூட்டங்கள் வரும். ஒருவர் 'விளையும்' என்பதைச் 'செழிக்கும்' என்று மாற்றினால், இறுதிக் கூட்டம் ஒன்றே மாறும். இரு வாக்கியங்களிலும் உள்ள வேறுவேறான கூட்டங்கள் மொத்தம் 5, பொதுவானவை 3. ஆகவே ஒப்புமை ஐந்தில் மூன்று. ஆயிரம் சொற்கொண்ட கட்டுரையில் நடுவே ஒரு சொல்லை மாற்றினால், ஒப்புமை நூற்றுக்கு 99க்கு மேல் நிற்கும். இங்குமங்கும் ஒரு சொல்லைத் திருத்திவிட்டுத் தம் கட்டுரை என்போர் இக்கணக்கிலிருந்து தப்புதல் அரிது.

கோடிக்கணக்கான பக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிட இயலாதாகையால், ஒவ்வொன்றுக்கும் சிறு கைரேகை போன்ற குறிப்பை மாத்திரம் வைத்துக்கொள்வர். மோசஸ் சாரிகர் 2002இல் வகுத்த முறையைத் தழுவி, கூகிள் ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட கட்டுரையொன்று இதனைக் காட்டுகின்றது. 800 கோடிப் பக்கங்களைக் கருதி, ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 இடங்கள் கொண்ட ஓர் எண் வகுத்தனர். ஒவ்வோர் இடத்திலும் சுழியமோ ஒன்றோ நிற்கும். இரண்டு எண்கள் 3 இடங்களுக்கு மேல் வேறுபடாவிடின், அப்பக்கங்களை ஏறத்தாழ ஒன்றாகக் கொள்ளலாம் என்று கண்டனர்.

முன்னிற்பது யாது?

ஒத்த பக்கங்களைக் கூட்டமாக்கிய பின்னர், அவற்றுள் ஒன்றைத் தலைமைப் பக்கமாகப் பொறி தேர்ந்து காட்டுகின்றது. எஞ்சியவை பெரும்பாலும் பின்னே மறைகின்றன. தளத்தின் உரிமையாளர் தம் பக்கங்களுள் இதுவே தலைமையானது என்று அறிவிப்பதற்கு, கூகிள், யாகூ, மைக்ரோசொப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2009 பெப்ரவரியில் ஒரு குறியை ஏற்றுக்கொண்டன. ஆயினும் அது பொறிக்கு ஒரு குறிப்பே, கட்டளையன்று. பிறர் எழுத்தைக் கவர்ந்தவர் அக்குறியை உரியவர் பக்கம் திருப்பி வைப்பார் என்று எதிர்பார்த்தலும் கூடாது.

இங்கேதான் உண்மையான சிக்கல் எழுகின்றது. முதலிற் கண்டதே மூலம் என்று பொறி துணிய இயலாது. சிறு தளமொன்றில் ஒருவர் உழைத்து எழுதிய கட்டுரையைப் பெரிய தளமொன்று எடுத்துப் போட்டால், அடிக்கடி சிலந்தி வந்துபோகும் பெரிய தளத்தின் பிரதியே முதலிற் காணப்படலாம். அதனைச் சுட்டும் இணைப்புகளும் அதிகமாக இருக்கலாம். எழுதியவர் மறைந்துபோக, எடுத்தவர் முன்னிற்பார். பொறிக்கு வஞ்சகம் இல்லை. ஆயின் நூலாசிரியரை அறியும் ஆற்றலும் அதற்கு முழுமையாக இல்லை.

ஏடுகளைப் பதிப்பித்த நம் முன்னோர் இச்சிக்கலை வேறுவகையில் அறிந்திருந்தனர். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். பழைய நூல்களை அச்சேற்றுமுன் பல ஊர் ஏடுகளைத் தேடிப்பெற்று ஒப்புநோக்கியவர் அவர். பத்து ஏடுகளும் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதியனவாயின், அவை பத்துச் சான்றுகள் ஆகா, ஒன்றே ஆகும். ஒரே பிழை எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருதல், அவை ஒரு மூலத்திலிருந்து பிறந்தன என்பதற்கு அடையாளம். நல்ல பதிப்பாசிரியர் தாம் கொள்ளாத பாடபேதத்தையும் அடிக்குறிப்பிற் காட்டுவார். தேடுபொறியோ அதனைக் காட்டுவது அரிது.

இதனாற் பிரதி செய்தலே தீது என்று கொள்ளற்க. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது அங்கிருந்த ஏடுகளும் அரிய நூல்களும் அழிந்தன. வேறிடத்திற் பிரதி இருந்தவற்றை மீண்டும் பெறலாம். பிரதியில்லாதவை போனவை போனவையே. காப்பதற்குப் பிரதிகள் பல வேண்டும். சான்றாக எண்ணும்போது மாத்திரம் அவற்றை ஒன்றெனக் கொள்ளல் வேண்டும்.

நம் கடமை

பொறி பிடிப்பது பெரும்பாலும் சொல்லொப்புமையையே. ஒரே தவறான செய்தியைப் பத்து வெவ்வேறு நடையில் எழுதினால், அக்கைரேகைக் கணக்கில் அவை பத்துப் பக்கங்களே. கணினி தானே உரை புனையும் இக்காலத்தில் அவ்வாறு மாற்றி எழுதுதல் ஒரு நொடி வேலை. ஆகவே சான்றை எண்ணும் பொறுப்பு வாசகரிடமே வந்து சேர்கின்றது.

பிள்ளைகள் ஒப்படைக்குச் செய்தி திரட்டும்போது பெற்றோர் சில வினாக்களைக் கேட்கலாம். இதனை முதலிற் கூறியவர் யார்? எந்த ஆண்டில்? அவர் கண்டறிந்தாரா, கேட்டறிந்தாரா? இப்பக்கங்கள் யாவும் ஒரே நூலையோ ஒரே செய்தியையோ சார்ந்தனவா? அவற்றைச் சாராத இரண்டாம் சான்று ஒன்றுண்டா? மருந்து, பணம், பிறர் நற்பெயர் ஆகியவை பற்றிய செய்தியாயின், இவ்வினாக்களைக் கேளாது நம்புதல் ஆபத்து. எழுதுவோரும் தம் பெயரையும் நாளையும் மூலத்தையும் குறித்து வெளியிடுதல் நன்று.

தேடியும் கிடைக்காததெல்லாம் இல்லாதது அன்று என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும். ஊர்க் கோயிலின் மலரும், பாட்டனார் நினைவாக அச்சிட்ட சிறு நூலும், பழைய பாடசாலைச் சஞ்சிகையும் இன்னும் பல வீடுகளின் அலுமாரிகளிலேயே கிடக்கின்றன. எந்தச் சிலந்தியும் அவ்விடம் வந்ததில்லை. அடுத்த விடுமுறையில் பிள்ளைகள் அவற்றுள் ஒன்றைத் திறந்து, பொறி தந்த விடையோடு ஒப்புநோக்கட்டும். சுயமான இரண்டாம் சாட்சி அங்கே காத்திருக்கலாம்.