ஓர் இரவில் போட்ட ஜாமீன் கையெழுத்து

கையில் பணமில்லை என்று இருவர் நம் வாசலில் வந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் வீட்டில் நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. விற்கப் பத்து நாளாகும். பள்ளிக் கட்டணமோ நாளைக்கே கட்டவேண்டும். அவருக்குக் கைமாற்று கொடுத்தால் போதும். மற்றவருக்கோ இருப்பதையெல்லாம் விற்றாலும் கடன் அடையாது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இருவருமே ஒன்றுபோலத்தான் தெரிவர்.

வங்கிகளுக்கும் இந்த இரு நிலைகள் உண்டு. முதலாவது பணப்புழக்க நெருக்கடி, இரண்டாவது திவால். முதலாவது என்று எண்ணி இரண்டாவதற்கு ஜாமீன் போட்டுவிட்டால் என்ன ஆகும்? அயர்லாந்து அதைப் பட்டறிந்தது.

அந்நாட்டு வங்கிகள் வெளிநாடுகளில் குறுகிய காலக் கடன் வாங்கி, வீடு, மனை கட்டி விற்போருக்கு அள்ளிக் கொடுத்திருந்தன. 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்ததும் அந்தக் கடன் வரத்து வறண்டது. செப்டம்பர் 29 அன்று இரவு முழுவதும் டப்ளினில் ஆலோசனை நடந்தது. விடிந்ததும், ஆறு வங்கிகளின் வைப்புகளுக்கும் பெரும்பாலான கடன்களுக்கும் ஈராண்டு காலம் அரசே பொறுப்பு என்று அறிவிக்கப்பட்டது. தொகை ஏறத்தாழ 44,000 கோடி யூரோ. நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப்போல் இரு மடங்குக்கும் மேல்!

அயர்லாந்து அரசு ஊதாரி அரசல்ல என்பதையும் சொல்லவேண்டும். 2007-இல் அதன் கடன் மொத்த உற்பத்தியில் கால் பங்குதான். ஆனால் வீட்டு விலை சரிந்தபோது வங்கிகள் கொடுத்த கடன்கள் திரும்பவில்லை. வீடு விற்பனையால் வந்த வரியும் நின்றுபோனது. யூரோவைத் தானாக அச்சிடும் அதிகாரமும் அரசுக்கு இல்லை. வங்கிகளில் அது கொட்டிய பணம் சுமார் 6,400 கோடி யூரோ. 2012-க்குள் அரசுக் கடன் மொத்த உற்பத்தியையே தாண்டிவிட்டது.

மந்த காலத்தில் அரசு கடன் வாங்கியாவது செலவிட்டு மக்களைத் தாங்கவேண்டும் என்பதே பொதுவான பாடம். ஜாமீன் கையெழுத்தால் அந்த வழி அடைபட்டுப் போனது. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் பன்னாட்டு நிதியமும் சேர்ந்து 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டம் ஒன்றை வகுத்தன. அதில் 1,750 கோடி அயர்லாந்தின் சொந்தப் பணம்; அதன் பெரும்பகுதி, பிற்கால ஓய்வூதியத்துக்கென 2001 முதல் சேர்த்து வைத்த நிதியிலிருந்து எடுக்கப்பட்டது. புதிய வரிகள் வந்தன. வேலையின்மை 15 விழுக்காட்டை எட்டியது. இளைஞர்கள் கூட்டமாக நாட்டைவிட்டுப் போனார்கள்.

நம்மை அதிகம் உறுத்துவது ஒன்று. வங்கிகளின் முன்னுரிமைக் கடன்பத்திரங்களை வைத்திருந்த முதலீட்டாளர்களுக்குப் பெரும்பாலும் முழுத்தொகையும் கிடைத்தது. மிகக் குறைந்த கூலிக்கு உழைத்தவர்களுக்கோ 2011 தொடக்கத்தில் மணிக்கு 8.65 யூரோ என்றிருந்த குறைந்தபட்சக் கூலி 7.65 ஆகக் குறைக்கப்பட்டது. அடுத்து வந்த அரசு அவ்வாண்டு சூலையில் அந்த ஒரு யூரோவைத் திருப்பித் தந்தது.