அம்மாவின் கடல், பாடப்புத்தகத்தின் கடல்

சுற்றுச்சூழல் கல்வி யார் பக்கம் நின்று பேசுகிறது என்று நாம் கேட்பதில்லை. 1991இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2001க்குப் பின் பள்ளிகளில் தேசியப் பசுமைப் படை வந்தது. மரம் நடு, பிளாஸ்டிக்கைத் தவிர், ஊர்வலம் போ. மறுக்க ஒன்றுமில்லைதான். ஆனால் இந்தப் பாடம் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் மாதிரியான ஊருக்கு வரும்போது சிக்கல் ஆரம்பிக்கிறது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். 'பூங்கா' என்று பெயரிடுவதே ஓர் அதிகாரச் செயல்பாடு. அதற்கு முன்பிருந்தே தீவோரங்களில் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்துவந்த பெண்கள், சட்டத்தின் மொழியில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். அவங்க பிள்ளைதான் 'தீவுகளைக் காப்போம்'னு அட்டை பிடிச்சு நிக்குது. யாரிடமிருந்து காப்பது? அட்டை சொல்வதில்லை, பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது.

இந்தப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, முங்கிக் கையால் பாசி பறிப்பவர்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்ற கட்டுப்பாட்டைத் தங்களுக்குள் வகுத்துக்கொண்டவர்கள். பறித்த இடம் மறுபடி தழைக்க அவகாசம் வேண்டும் என்பது அவர்கள் உடம்பால் கற்ற பாடம். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது தந்தது. கலிபோர்னியா வரை எட்டிய அறிவு உள்ளூர் வகுப்பறைக்கு எட்ட வேண்டாமா?

இதைச் சொன்னவுடன் கடலோர மக்களைப் புனிதப்படுத்தும் ஆபத்தும் இருக்கு. சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் பவளப்பாறையை வெட்டியதில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. வெட்டிய கை உள்ளூர்க் கைதான், வாங்கியவர் வேறு. இந்த வேறுபாட்டைக் கற்பிக்காத பாடம், குற்றத்தைக் கூலிக்காரர் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

மாணவர்கள் தாங்களாகவே செய்ய முடியுமா என்றால், முடியும். 1988இல் சென்னையில் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு வலைப்பின்னல் இன்றும் இரவில் கரையோரம் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைக் காக்கிறது. ஆனால் நடந்துவிட்டு வீடு திரும்பும் மாணவரின் சோறு அந்தக் கடலில் இல்லை. சின்னப்பாலத்துப் பிள்ளையின் சோறு இருக்கிறது. ஆகவே அதன் வீட்டுப்பாடமும் வேறாகத்தான் இருக்கணும்: எந்தப் பிறைக்கு அம்மா கடலுக்குப் போறாங்க, எந்தப் பாறையில் பாசி திரும்ப முளைச்சிருக்கு, விசைப்படகு மடி இழுத்த இடத்தில் என்ன மிஞ்சியிருக்கு, பாசிக்கு வியாபாரி என்ன விலை கொடுக்கிறார். வருஷா வருஷம் இதைக் குறித்துவைத்தால், அது வனத்துறை மேசையில் வைக்கக்கூடிய ஆவணம்.

அம்மாவைக் குற்றவாளியாக்கும் பாடத்தைப் படித்துக் கடலைக் காக்க வரும் பிள்ளை, ஒன்று கடலை விட்டுப் போகும். இல்லை, அம்மாவை விட்டுப் போகும்.